ரேஸ் டிராக்கில் செல்போன் சொல்லும் கணக்கு

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். 'நல்லாத்தான் ஓட்டினோம்' என்று மனசு சொல்லும். நேரம் எங்கே போனது என்பதைப் பதிவுதான் காட்டும்.

அதற்கு 'ரேஸ்குரோனோ' போன்ற ஓர் ஆப் போதும். ஆனால், செல்போன் ஜி.பி.எஸ். பெரும்பாலும் வினாடிக்கு ஒருமுறைதான் இடத்தைக் குறிக்கும். 144 கி.மீ. வேகத்தில் அதற்குள் கார் 40 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த இடம் சரியாகத் தெரியாது. வினாடிக்கு 10 முறை குறிக்கும் தனி ஜி.பி.எஸ். கருவியை ப்ளூடூத்தில் இணைத்தால், இடைவெளி 4 மீட்டராகக் குறையும்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் ஓ.பி.டி. போர்ட்டில் அடாப்டரைச் செருகினால், இன்ஜின் சுழலும் வேகமும் பதிவாகும். ஆப்பில் டிராக்கைத் தேர்ந்தெடுத்து, ஸ்டார்ட் கோட்டைச் சரிபாருங்கள். ஓட்டி முடித்ததும் இரண்டு சுற்றுகளின் வேகக் கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எந்த வளைவில் சீக்கிரமே பிரேக் பிடித்தீர்கள் என்பது புரிந்துவிடும்.

போனை இறுக்கமாக மாட்டுங்கள். ஓடும்போது திரையைப் பார்க்காதீர்கள். ஒரு வினாடி பார்த்தாலும், 40 மீட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். இந்தக் கணக்கு ஊர்ச் சாலைக்கும் பொருந்தும்!