நாலு தந்தி, ஒரு கொசுவர்த்தி

கல்யாண ரிசப்ஷன் கச்சேரிகளில் நீங்கள் கவனித்திருக்கலாம். (கவனித்திருக்க மாட்டீர்கள். அதுதான் பிரச்னையே!) பாடகர், பாடகி, கீபோர்டு, தபலா என்று எல்லோர் மேலும் லைட் விழும். டிரம்ஸுக்குப் பின்னால், ஸ்பீக்கர் மறைவில், 12பி-க்குக் காத்திருப்பவர் மாதிரி ஒருத்தர் நிற்பார். தோளில் நாலே தந்தி உள்ள நீளமான கிடார். அவர்தான் பேஸ் கிடாரிஸ்ட். வீடியோக்காரர் பந்தியை எடுக்க ஓடும்போது கேமரா தவறிப்போய் அவர் பக்கம் திரும்பினால் உண்டு.

அந்த அப்பாவி இனத்தைச் சேர்ந்தவர்கள் நாங்கள் நாலு பேர். ஒருத்தன் பேங்க், ஒருத்தன் இன்ஷூரன்ஸ், ஒருத்தன் கூரியர் ஆபீஸ். நான் பி.காம். படித்துவிட்டு இப்படி எழுதிப் பிழைப்பவன். பேஸின் நாலு தந்திகளின் பெயரையே எங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறோம். ஜி, டி, ஏ, ஈ. ஜி மெல்லிசான தந்தி. அந்தப் பெயர் உள்ளவன் ஓயாமல் பேசுவான். நான் டி. (எல்லோருக்கும் டீ வாங்கி வருவதும் நான்தான்.) ஈ இருப்பதிலேயே தடித்த தந்தி. விநாடிக்கு 41 முறைதான் அதிரும். எங்கள் ஈயும் மாசத்துக்கு நாற்பத்தோரு வார்த்தை பேசினால் அதிகம்.

ஞாயிறு சாயங்காலம் மேற்கு மாம்பலத்தில் ஜி வீட்டு மொட்டை மாடியில் கூடுவோம். போன மாசம் ஒரு விளையாட்டு ஆரம்பித்தது. 'ஒரு கம்பெனிக்காரன் வந்து, உங்க பேர்ல லிமிடெட் எடிஷன் பேஸ் போடறோம், எப்படி வேணும்னு கேட்டா என்ன சொல்லுவே?' விலையைப் பற்றிக் கவலைப்படக் கூடாது என்பது ரூல். (கவலைப்பட ஆரம்பித்தால் நாலு பேர் பி.எஃப்.பும் பத்தாது.)

இந்த வாத்தியமே ஒரு கணக்குப்பிள்ளையின் கனவுதான், தெரியுமோ? லியோ ஃபெண்டர் என்று ஓர் அமெரிக்கர். படித்தது அக்கவுன்டன்ஸி. 1930-களின் மந்தத்தில் கணக்கு வேலை போய், 1938-ல் கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்கிற ஊரில் ரேடியோ ரிப்பேர் கடை போட்டார். அப்போதெல்லாம் பேஸ் என்றால் ஆளுயர டபுள் பேஸ். கச்சேரிக்குக் கொண்டுபோவது பீரோ ஷிஃப்ட் பண்ணுகிற மாதிரி. டிரம்ஸும் டிரம்பெட்டும் முழங்கினால் அதன் சத்தம் யார் காதிலும் விழாது. லியோ 1951-ல் அதைக் கிடார் மாதிரி தோளில் மாட்டி, கரண்ட் கொடுத்து, ஃப்ரெட் வைத்தார். சுருதி துல்லியமாக விழுகிறது என்று 'பிரெசிஷன் பேஸ்' என்றே பெயர் வைத்தார். தந்தி அதிரும் நீளம் 34 அங்குலம். இன்றைக்கும் பெரும்பாலான பேஸ்களுக்கு அதே அளவுதான். வேடிக்கை என்னவென்றால் அந்த மகானுக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது! காமர்ஸ் படித்தவனும் உருப்படுவான் என்பதற்கு நான் என் அப்பாவிடம் காட்டிய ஒரே சாட்சி அவர்தான். அப்பா நம்பவில்லை.

விளையாட்டுக்கு வருவோம்.

ஏ முதலில் ஆரம்பித்தான். அவன் ஜாக்கோ பாஸ்டோரியஸ் பக்தன். ஜாக்கோ 1962 மாடல் ஜாஸ் பேஸிலிருந்து ஃப்ரெட்டுகளைப் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, படகுக்குப் பூசுகிற எபாக்ஸியை அதன் மேல் பூசி வாசித்தவர். தந்தி பாடும். "என்னோடது தஞ்சாவூர் பலா மரம். வீணை செய்யற அதே மரம். தலையில யாளி முகம். ஃப்ரெட் கிடையாது. கமகம் வழுக்கிண்டு போகும். மொத்தம் 72 பீஸ்தான். மேளகர்த்தாவுக்கு ஒண்ணு!"

"கனகாங்கி மாடல் யாரும் வாங்க மாட்டான்" என்றான் ஜி. அவன் கனவு எளிமையானது. ஒரே ஒரு பட்டன். அமுக்கினால் வீடியோக்காரர் எங்கிருந்தாலும் இவன் பக்கம் திரும்ப வேண்டும்.

என் முறை. நான் 'ரெலிக்' கேட்டேன். இது வெளிநாட்டில் பெரிய வியாபாரம். புத்தம் புது கிடாரை எடுத்து, பெயின்ட்டைச் சுரண்டி, ஆணியைத் துருப்பிடிக்க வைத்து, அறுபது வருஷம் வாசித்த மாதிரி காயம் பண்ணி, அதற்குத் தனி விலை போடுகிறார்கள். கீறல் ஜாஸ்தியானால் விலையும் ஜாஸ்தி. இந்த தர்மப்படி பார்த்தால் எங்கள் சித்தப்பாவின் ஸ்கூட்டர் இன்றைக்கு ஒரு கோடி போகணும்.

பேச்சு அப்படியே திருட்டுக்குத் தாவியது. டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனியின் ஹிட் பாட்டுகளில் பாதிக்குமேல் முதுகெலும்பாக நின்றவர் ஜேம்ஸ் ஜேமர்ஸன். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு வாசித்தவர். அறுந்தாலொழிய தந்தி மாற்ற மாட்டார். வருஷக்கணக்கில் ரிக்கார்டு அட்டையில் அவர் பெயரே வராது. (நம்மூரில் இளையராஜா பாட்டுக்கு சசிதரன் வாசித்த பேஸைக் கேட்டு வளர்ந்தும், கேசட் அட்டையில் அவர் பெயரைத் தேடி ஏமாந்த கூட்டம்தானே நாம்?) 1983-ல் ஜேமர்ஸன் சாகக் கிடந்த நாட்களில் அவருடைய பேஸ் திருட்டுப் போனது. ஜாக்கோவின் பேஸ் 1986-ல் நியூயார்க்கில் போனது. மறு வருஷம் அவரே போய்விட்டார். பால் மெக்கார்ட்னியின் ஹோஃப்னர் 1972-ல் லண்டனில் ஒரு வேனிலிருந்து போனது.

"பேஸ் வாசிக்கிறவனைக் கூர்ந்து கவனிக்கிறது உலகத்துல திருடன் மட்டும்தாண்டா" என்றான் ஜி.

"மெக்கார்ட்னிக்குத் திரும்பக் கிடைச்சுதே" என்றான் ஏ. நிஜம்தான். 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஒரு வீட்டுப் பரணில் கிடந்ததாம். ஐம்பத்தோரு வருஷம்! 1961-ல் ஹாம்பர்க்கில் சுமார் 30 பவுனுக்கு வாங்கின மலிவு வாத்தியம். அவர் ஒரு போன் போட்டால் எந்தக் கம்பெனியும் வைரம் பதித்து அனுப்பும். அவர் தேடியது பழசை.

அதுவரை பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்த ஈ திடீரென்று வாயைத் திறந்தான்.

"எனக்குச் சிவப்பு கலர். முன்பக்க பிளேட்ல ஒரு ஸ்க்ரூ இருக்கக் கூடாது. அஞ்சாவது ஃப்ரெட்ல லேசா இரையணும். பின்னாடி, இடுப்பு படற இடத்துல, கொசுவர்த்தி சுட்ட வட்டம். கால் ரூபா சைஸ்."

"எத்தனை பீஸ்?"

"ஒண்ணு."

ஏயும் ஜியும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அந்த பேஸ் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வீட்டு பீரோ மேல், பழைய பெட்ஷீட் சுற்றி இருக்கிறது.

நாலு வருஷம் முன்னால் ஈயின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். ஒருநாள் ராத்திரி பேஸோடு வந்து நின்றான். பதினெட்டாயிரம் கேட்டான். ஏன் என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும், கேட்கவும் இல்லை. காமர்ஸ் புத்தி முந்திக்கொண்டது. திருப்பிப் பார்த்து, "பின்னாடி சுட்டிருக்கேடா, ரீசேல் வேல்யூ போச்சே" என்றேன். பதினாலாயிரத்துக்கு முடித்தேன். மறுபேச்சு இல்லாமல் வாங்கிக்கொண்டு போனான். அந்த அம்மா அடுத்த மாசமே தவறிவிட்டார்.

கம்பெனிக்காரன் காயத்துக்குக் காசு கூட்டுகிறான். நான் நாலாயிரம் குறைத்தேன். ஜி சொன்ன திருடர் பட்டியலில் ஒரு பெயர் விட்டுப் போயிருந்தது.

அந்த வட்டத்தைப் பற்றி அன்றைக்குத்தான் கேட்டேன். "காலேஜ் பரீட்சை ராத்திரி. வாசிச்சிண்டே தூங்கிட்டேன். கொசு கடிக்குமேன்னு அம்மா கிட்டக்க கொண்டு வந்து வெச்சா. பேஸ் சரிஞ்சு அது மேல சாஞ்சுடுத்து." அவ்வளவுதான். அந்த மாசத்துக் கோட்டா தீர்ந்துவிட்டது.

கிடார் கம்பெனிகளில் 'சிக்னேச்சர் மாடல்' என்று ஒன்று உண்டு. பெரிய வித்வானின் கையெழுத்தைப் பொறித்து விற்பார்கள். ஈயின் பேஸில் கையெழுத்துப் போட்டது அவன் அம்மா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெட்ஷீட்டோடு தூக்கிக்கொண்டு போனேன். ஈ முதலில் தந்தியைத் தொடவில்லை. பின்பக்கம் திருப்பி, கட்டை விரலை அந்த வட்டத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு, "எவ்வளவு?" என்றான்.

"சும்மா எடுத்துண்டு போடா."

"வேண்டாம்." பேஸைச் சுவரில் சாய்த்துவிட்டான். பிடிவாதக்காரன்.

ஜி கால்குலேட்டரை எடுத்தான். "இரு, இவன் பாஷையிலேயே பேசலாம். வாங்கின விலை பதினாலாயிரம். வருஷத்துக்குப் பதினஞ்சு பர்சென்ட் தேய்மானம். நாலு வருஷம். 7,308 ரூபா."

"அதுல கொசுவர்த்திக்கு நாலாயிரம் நான் ஏற்கெனவே அடிச்சாச்சு. அதையும் கழி" என்றேன்.

"3,308."

ஈ என்னையே பார்த்தான். நான் டீ டம்ளரைப் பார்த்தேன். அவன் போனை எடுத்துத் தட்ட, என் சட்டைப் பையில் 'டிங்' என்றது. முழுசாக 3,308. பைசா குறையவில்லை. என் வாழ்க்கையில் நஷ்டக் கணக்கு இவ்வளவு சரியாக டேலி ஆனது இதுதான் முதல் தடவை.

ஆம்ப்ளிஃபயரில் சொருகி, சுருதி சேர்த்து, தடித்த தந்தியை ஒரே ஒரு தட்டுத் தட்டினான். டம்ளரில் டீ நடுங்கியது. கீழ் வீட்டு மாமி மாடிப்படியில் தலையை நீட்டி, "என்னடா அது, வயித்துக்குள்ள சத்தம் கேக்கறது?" என்றார்.

"லிமிடெட் எடிஷன், மாமி" என்றான் ஈ. "ஒரே பீஸ்தான். ஸ்டாக் தீர்ந்துடுத்து."