அவரும் அவவும்

அண்மையில் யாழ்ப்பாணத்தில் ஒரு ரியூட்டரியின் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே ஆங்கில வகுப்பு. 'வைத்தியர் வந்தார், அவர் நோயாளியைப் பார்த்தார்' என்பதை மொழிபெயர்க்கச் சொன்னார் ஆசிரியை. பிள்ளைகள் ஒரே குரலில் 'ஹீ' என்றனர். சரி என்றார். அடுத்து 'தாதி வந்தார்'. அதே 'அவர்' இப்போது 'ஷீ' ஆகிவிட்டது.

எழுத்துத் தமிழில் 'அவர்' இருபாலுக்கும் பொது. யாழ்ப்பாணத்துப் பேச்சிலோ 'அவர்' ஆணுக்குரியது; பெண்ணை மதிப்புடன் சுட்ட 'அவ' இருக்கிறது. எனவே வாய்ப்பழக்கம் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் தாதியின் 'அவர்' எப்படிப் பெண்ணானது? அங்கே பால் பிரித்தது மொழியன்று, மனம். 1978இலேயே மருத்துவபீடம் கண்ட ஊரில் பெண் வைத்தியர் என்ன புதுமையா?

ஆங்கிலத்துக்கும் இதிற் பங்குண்டு. சட்டங்களில் ஆண்பாற்சொல் பெண்ணையும் அடக்கும் என்று 1850இல் பிரித்தானிய நாடாளுமன்றம் சட்டமே இயற்றியது. (உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கி அப்போது 26 ஆண்டுகள்!) இன்றோ பால் தெரியாத ஒருவரைச் சுட்டத் 'தே' எழுதலாம். அமெரிக்க உளவியற் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடே 2019இல் அதனை ஏற்றுக்கொண்டது.

ஒருவருக்குப் பன்மையா என்று நம்மவர் முகஞ்சுளிப்பதுதான் வேடிக்கை. 'அவர்' மட்டும் என்னவாம்? ஒருவரைப் பன்மையாற் கூறுவது வழக்கில் வந்த உயர்வுச்சொல், இலக்கண நெறியன்று என்று தொல்காப்பியர் அன்றே எழுதிவைத்தார். அந்த வழு நமக்குப் பழகிவிட்டது.

வகுப்பு முடிந்து வந்த ஆசிரியையிடம் இவற்றைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரி ஐயா, சோதினையில் புள்ளி வெட்டினால் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்லுறது?"