உதடும் ஓசையும்

கணினித் திரையில் பாடகரின் உதடு மூடிய பிறகே அவர் குரல் காதில் விழுகிறதென்றால், இயந்திரத்தையே மாற்றச் சொல்லும் கடைக்காரரின் யோசனைக்குச் செவிசாய்க்குமுன், அந்தப் பிழை ஆரம்பமுதல் ஒரே அளவில் நிற்கிறதா, அல்லது நேரம் ஆக ஆக வளர்கிறதா என்று கவனிப்பதே உசிதம் என்பது என் அபிப்பிராயம். ஒரே அளவெனில், புளூடூத் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கம்பியுள்ளதைச் செருகிப் பாருங்கள். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். எஞ்சியதற்கு, விண்டோஸ் கணினியில் வி.எல்.சி. என்ற வீடியோ மென்பொருளின் ‘ஜே’ விசை சப்தத்தை 50 மில்லி விநாடி முன்னே இழுக்கும். ‘கே’ பின்னே தள்ளும்.

வளரும் பிழையோ வேறு ஜாதி. கைபேசியில் எடுத்த படத்தில் விநாடிக்கு இத்தனை பிரேம் என்ற கணக்கு நிலையாக இராததால் எடிட்டிங் மென்பொருள் தடுமாறுவதுண்டு. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளால் அதை நிலையான வேகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தூரத்துப் படித்துறையில் துணி கல்லில் விழுந்த க்ஷணத்துக்குப் பின்னரே ஓசை வந்து சேர்வதைக் கண்டு பழகியவர்கள் நாம். ஆகையால், சப்தம் பிந்துவதைப் பொறுக்கும் மனம் முந்துவதைப் பொறுப்பதில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 1998-ஆம் ஆண்டுப் பரிந்துரையும், முந்தினால் 45, பிந்தினால் 125 மில்லி விநாடியளவில் பிழை புலப்படும் என்றே கூறுகிறது. சென்ற வாரம் என் மேஜைக் கணினியில், மிருதங்கக்காரரின் விரல் படுமுன்பே நாதம் எழுந்தபோது, ‘கே’யை நான்கு முறை தட்டினேன், விரலும் நாதமும் கூடிவிட்டன.