சின்னக் காரின் அளவைத் திருத்துங்கள், உப்புக்கும் வெள்ளத்துக்கும் சோதியுங்கள்

காரைக்காலில் மெக்கானிக் பட்டறை வைத்திருப்பவர்களும் வாடகைக் கார் ஓட்டுபவர்களும் சேர்ந்தது எங்கள் சங்கம். நகருக்கான சிறிய கார்கள் குறித்து எங்கள் நிலைப்பாடு இது: 3.4 மீட்டருக்குள் அடங்கும் கார்களுக்கு வரியில் தனிப் படி வேண்டும். உப்புக்காற்று, தேங்கிய நீர், மோதல் ஆகிய மூன்று சோதனைகளிலும் தேறிய கார்களுக்கே அந்தச் சலுகையைத் தர வேண்டும்.

இப்போதுள்ள அளவு 2006 பட்ஜெட்டில் வந்தது. நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் எஞ்சின் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால் அது சிறிய கார் என்று அன்று உற்பத்தி வரியைக் குறைத்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 18 விழுக்காடாக இறங்கியபோதும் அதே அளவுதான் நீடித்தது. அதனால் 4 மீட்டருக்கு ஒரு விரற்கடை குறைவாக, ஆனால் உயரத்திலும் அகலத்திலும் எஸ்யூவி போல நிமிர்ந்து நிற்கும் கார்களே பெருகின. 3 மீட்டருக்குள் நாலு பேரை உட்கார வைக்கப் பாடுபடும் பொறியாளருக்கு இந்தச் சட்டம் தனியாக எதுவும் தரவில்லை. பாரதியார் சாலையில் ஒரு மாலை நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு அதன் விலை புரியும்.

ஜப்பானில் கேய் கார் என்ற வகைக்கு 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சிசி என்று கறாரான வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிக்குள் இடத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று பல நிறுவனங்கள் தலைமுறை தலைமுறையாகப் போட்டி போடுகின்றன. அங்கே விற்கும் புதிய கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்த வகைதான்.

நம் நாட்டுப் பொறியாளர்களுக்கும் இது கைவராததல்ல. 2008 ஜனவரியில் டெல்லியில் டாட்டா நானோவைக் காட்டியபோது, மாருதி 800-ஐ விட அது வெளியே 8 விழுக்காடு சிறியது, உள்ளே 21 விழுக்காடு விசாலமானது என்றார்கள். இரண்டு சிலிண்டர் எஞ்சினைப் பின்சீட்டுக்கு அடியில் கொண்டுபோனதால் வந்த இடம் அது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இன்றும் மெச்சும் வேலை. ஆனால் அதை ஒரு லட்ச ரூபாய் கார் என்றே ஊர் முழுக்கச் சொன்னார்கள்; மலிவு என்ற பெயரே அதற்குக் கெடுதலானது என்று ரத்தன் டாட்டாவே பின்னாளில் ஒப்புக்கொண்டார். 2014-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் அதற்கு ஒரு நட்சத்திரமும் கிடைக்கவில்லை. 2018-இல் உற்பத்தி ஏறக்குறைய நின்றுபோனது. சிறிய காருக்கு விலையை மட்டும் இலக்காக வைத்தால் இப்படித்தான் முடியும். பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியும் அது விருப்பச் சோதனையாகவே இருக்கிறது. சலுகை கேட்கும் சிறிய காருக்கு அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இனி எங்கள் ஊரின் கேள்விக்கு வருகிறோம். 1948-இல் சித்ரோயன் நிறுவனம் பாரிஸ் கண்காட்சியில் 2சிவி காரை வைத்தபோது காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. இரண்டு விவசாயிகளையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு, கூடையிலுள்ள முட்டை உடையாமல் உழுத வயலைக் கடக்க வேண்டும் என்பதுதான் அதை வடிவமைத்தவர்களுக்கு இட்ட கட்டளை. அதற்காகவே முன்சக்கரத்தையும் பின்சக்கரத்தையும் ஸ்பிரிங்கால் இணைத்தார்கள். கிளிஞ்சல்மேட்டிலும் பட்டினச்சேரியிலும் மீன் ஏற்றுகிறவர்களுக்காக அப்படி ஒரு கட்டளையை இந்தியாவில் யாரும் எழுதவில்லை.

டிக்கியில் ஐஸ் பெட்டி வைத்தால் உருகும் நீர் உப்போடு தரைத்தகட்டில் இறங்குகிறது. கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்துக்குள் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கி, உள்ளிருந்து தகட்டைத் தின்கிறது. வெளியே பெயிண்ட் கொப்பளிக்கும்போது உள்ளே தகடு போயிருக்கும். டிங்கரிங் செய்து பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிப்பது அடுத்த மழை வரைக்கும்தான். இதற்குப் பரிகாரம் தெரிந்ததே: துத்தநாகம் பூசிய தகடு, பெட்டிச் சட்டத்தில் சரியான இடத்தில் வடிதுளை, உள்ளே மெழுகுப் பூச்சு. 2001-இல் பெங்களூரில் வந்த ரேவா மின்கார் இரும்புக் கூட்டின் மேல் பிளாஸ்டிக் பலகைகளைப் போர்த்தியது; வெளித்தகடு துருப்பிடிக்கும் பேச்சுக்கே அங்கே இடமில்லை. கடலோர ஊர்களுக்கு அந்த வழியை இன்னும் நல்ல மோதல் பாதுகாப்போடு மீண்டும் எடுக்கச் சொல்கிறோம்.

வெள்ளத்தைப் பொறுத்தவரை, சிறிய காருக்குச் சக்கரம் சிறிது, தரை தாழ்வு. 1959-இல் வந்த மினியில் டிஸ்ட்ரிபியூட்டர் முன்கிரில்லுக்கு நேர்பின்னே இருந்ததால் மழையில் நனைந்து எஞ்சின் நின்றது. இன்றைய மின்கார்களில் பேட்டரியே தரையில் படுத்திருக்கிறது. ஐபி 67 தரம் என்றால் ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். பேட்டரிக்கு மட்டும் அந்தத் தரத்தைக் காட்டி, கப்ளர்களையும் பியூஸ் பாக்ஸையும் தாழ்வாகத் திறந்து வைப்பதை நாங்கள் ஏற்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பட்டறைகளுக்கு வரும் வேலையில் பாதி வயரிங்தான்.

எல்லைச் சிக்கலும் உண்டு. வடக்கே பூவம், தெற்கே வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. நாகூருக்குச் சவாரி என்றாலே மாநிலம் மாறுகிறது. மின்சாரத்தில் ஓடும் வாடகை வண்டிகளுக்கு அனுமதிச்சீட்டு தேவையில்லை என்று மத்திய அரசு 2018 அக்டோபரில் அறிவித்தது. அதே ஆண்டு நவம்பரில் குவாட்ரிசைக்கிள் என்ற நாலுசக்கரச் சிறுவண்டியைச் சொந்த உபயோகத்துக்கும் அனுமதித்தது. மூடிய கூண்டும் நாலு சக்கரமும் கொண்ட அந்த வண்டி மழைக்காலத்தில் ஆட்டோவை விட ஏற்றது என்பது எங்கள் கருத்து. ஆனால் 70 கிலோமீட்டர் வேகத்துக்குக் கட்டுப்பட்ட வண்டி லாரிகளோடு தேசிய நெடுஞ்சாலையில் ஓடக் கூடாது. திருநள்ளாறு, நிரவி, கோட்டுச்சேரி போன்ற குறுகிய தூரத்துக்கே அதைப் பரிந்துரைக்கிறோம்.

திருவேட்டக்குடியில் இருக்கும் என்ஐடி புதுச்சேரிக்கு ஒரு வேண்டுகோள். கடற்கரையோரம் தகடு, பூச்சு, கப்ளர் மாதிரிகளைத் திறந்தவெளியில் வைத்து ஆண்டுதோறும் துருவை அளந்து, முடிவைத் தமிழில் வெளியிடுங்கள். பழைய கார்களைப் பிரிக்கும்போது வெட்டியெடுக்கும் தகடுகளை எங்கள் பட்டறைகள் இலவசமாகத் தரும். புதுச்சேரி போக்குவரத்துத் துறை அந்த முடிவுகளைக் கையில் வைத்துக்கொண்டு மத்திய அரசிடம் 3.4 மீட்டர் படியைக் கேட்க வேண்டும்; பிஒய் 02 எண்ணில் பதிவாகும் சிறிய கார்களுக்குச் சாலை வரியில் தன் பங்குச் சலுகையை உடனே அறிவிக்க வேண்டும்.