எழுத்தறிந்தவரைக் கைந்நாட்டாக்கும் பொறிகள்

தமிழ்ப்பற்றாளர் என்றாலே புதுமைக்குப் பகைவர், அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கட்டிக்கொண்டு அழுபவர் என்றொரு பழிப்பு நெடுநாளாக நம்மீது சுமத்தப்பட்டு வருகின்றது. அப்பழிப்பை முதலில் துடைத்தெறிவோம். அரைக்கும் பொறி நம் பெண்டிரின் தோள்நோவைக் குறைத்தது, வரவேற்கின்றோம். மின்விசிறி கோடைப் புழுக்கத்தைத் தணித்தது. அதன்கீழ் அமர்ந்துதான் இக்கட்டுரையும் எழுதப்பெறுகின்றது. நம் வழக்குப் பொறியோடு அன்று. பொறியின்மேல் ஏறி அமர்ந்து நம் வீட்டிற்குள் நுழையும் அயன்மொழி ஆட்சியோடுதான்.

என் இல்லத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்கின்றேன். என் அன்னையார்க்கு அகவை 78. நாள்தோறும் செய்தித்தாளை முதற்பக்கம் முதல் இறுதிப்பக்கம் வரை படிப்பவர். குறட்பாக்களுள் பலவற்றை நூலைப் பாராமலே சொல்பவர். சில ஆண்டுகளுக்குமுன் துணி துவைக்கும் பொறி ஒன்றை வாங்கினோம். அதன் முகப்பில் வரிசையாக அழுத்து குமிழ்கள். ஒன்றிலேனும் தமிழ் இல்லை. 'இடப்புறமிருந்து மூன்றாவது, பிறகு வலக்கோடியில் பெரியது' என்று இடத்தை அடையாளமாக வைத்து அன்னையார் பழகிக்கொண்டார். ஒருநாள் எங்கோ விரல்பட்டுப் பொறி அசையாமல் நின்றுவிட்டது. சிவப்பு விளக்கொன்று மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. அருகில் ஏதோ ஆங்கிலச் சொல். தாமே அதனைக் கெடுத்துவிட்டதாக எண்ணி, எம்மிடம் சொல்ல நாணி, இரண்டு நாள் கிணற்றடிக் கல்லில் கையாலேயே துவைத்திருக்கின்றார். மூன்றாம் நாள் முதுகு பிடித்துக்கொண்ட போதுதான் செய்தி எமக்குத் தெரிந்தது.

அது பழுதே அன்று; குழந்தைகள் தொட்டுவிடாதிருக்க அமைத்த பூட்டு! ஒரு குமிழைச் சில நொடி அழுத்தினால் திறந்துகொள்ளும். அந்தச் சிவப்பு விளக்கின் அருகிலிருந்த ஆங்கிலச் சொல் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

எண்ணிப் பாருங்கள். எழுத்தறிந்த ஒருவரை, அவர்தம் வீட்டிற்குள்ளேயே, அவர்தம் மகன் ஈட்டிய பணத்தில் வாங்கிய பொருளின்முன் கைந்நாட்டாக நிறுத்திவிட்டது அப்பொறி. குறை அன்னையாரிடம் இல்லை; தமிழ்நாட்டில் விற்பனைக்கு வந்தும் தமிழறியாத பொறிதான் உண்மையில் கைந்நாட்டு. அதை உருவாக்கிய நிறுவனத்தின் உதவித் தொலைபேசிக்குப் பேசினேன். இந்திக்கு ஓர் எண், ஆங்கிலத்திற்கு ஓர் எண். தமிழுக்கு எண்ணே இல்லை. என் பணத்தைத் தமிழ்நாட்டுக் கடையில் எண்ணி வாங்கியபோது மட்டும் அதன் மொழி எவர்க்கும் உறுத்தவில்லை போலும்!

அன்றிரவே தாள்களை நறுக்கி, ஊறல், துவையல், அலசல், பிழிதல், பூட்டு என்றெழுதி ஒவ்வொரு குமிழின்மேலும் ஒட்டினேன். மறுநாட் காலை அன்னையார் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து அழுத்தினார். அப்போது அவர் முகத்தில் கண்ட மலர்ச்சி, அப்பொறி வீட்டிற்கு வந்த நாளிலும் நான் காணாதது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குக. நான் ஒட்டிய சொற்களுள் எதனையும் நான் ஆக்கவில்லை. எந்தப் புலவர் அவையமும் கூடி ஆக்கவில்லை. ஊறவைத்தலும் துவைத்தலும் அலசலும் பிழிதலும் ஆற்றங்கரையிலும் கிணற்றடியிலும் நம் பாட்டியர் நாவில் வாழ்ந்த சொற்கள். 'பொறிகளுக்குத் தமிழில் சொல் இல்லை' என்று கூறுவோர், தம் அன்னையின் வாயைக் கேளாதவர் என்பதே பொருள்.

சொல் இல்லாத இனமா நாம்? ஒரு மாட்டுவண்டியைப் பாருங்கள். நடுவே குடம், குடத்திலிருந்து விரியும் ஆரக்கால், அதனைச் சுற்றும் வட்டை, வட்டையின்மேல் இரும்புப் பட்டை, ஊடே அச்சு, அச்சின் முனையில் கடையாணி. கலப்பைக்கு மேழியும் கொழுவும் நுகமும் உண்டு. கல்லூரி வாயிலை மிதியாத தச்சனும் கொல்லனும் உழவனும் தாம் தொட்ட கருவியின் ஒவ்வோர் உறுப்பிற்கும் பெயரிட்டனர். பொறியியற் பட்டம் பெற்ற அவர்தம் பேரர்கள், வானூர்தியில் உலகைச் சுற்றிவிட்டு வந்து, ஒரு குமிழுக்குப் பெயரில்லை என்கின்றனர்!

இன்னும் நாணத்தக்க ஒன்று உண்டு. மாவரைக்கும் மின்பொறி எங்கோ மேலை நாட்டில் பிறந்ததன்று. 1955ஆம் ஆண்டில் கோவையில் சபாபதி என்பார் உருவாக்கியது என்பர். அவ்வூர்ப் பெயராலேயே புவிசார் குறியீடும் பெற்றது. நம் ஆட்டுக்கல்லையே மின்னாற்றலால் சுழலச் செய்த நம்மவர் அறிவின் விளைவு அது. அதற்கு நாம் வழங்கும் பெயர் 'கிரைண்டர்'! 2011ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு இல்லந்தோறும் விலையின்றிப் பொருள்கள் மூன்று வழங்கத் தொடங்கியதே, அத்திட்டப் பெயரில் மின்விசிறி மட்டும் தமிழாய் நின்றது. மற்ற இரண்டும் 'மிக்சி', 'கிரைண்டர்' என்றே வந்தன. மின்னம்மி, மின்னாட்டுக்கல் என்று எழுதியிருந்தால் எந்த வீட்டில் மாவு அரைபடாமற் போயிருக்கும்?

'இச்சொற்கள் மக்கள் வாயில் நுழையா' என்று சிலர் எள்ளுவர். வானொலி நுழைந்தது, தொலைக்காட்சி நுழைந்தது, பேருந்தும் மிதிவண்டியும் கணினியும் நுழைந்தன. புதுச்சொல் முதல்நாள் நகைப்பைத் தரும். பத்தாம் நாள் பழக்கமாகும். பத்தாம் ஆண்டில் அதுவே இயல்பாகும். நாவில் தடை இல்லை, நெஞ்சில்தான் தடை.

அரசின் சட்டம் என்ன செய்கின்றது? பொதிந்து விற்கும் பொருள்களுக்கென நடுவணரசு வகுத்த 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, விலை, அளவு முதலியவற்றை இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுதினாற் போதும். பிறமொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை என்று ஒரு வாலும் உண்டு. அஃதாவது, இந்திக்கு உரிமை. தமிழுக்கு இசைவு மட்டும்! கனடா நாட்டின் கியூபெக்கு மாநிலத்தைப் பாருங்கள். 1977ஆம் ஆண்டு அது இயற்றிய மொழிச் சட்டம், அங்கு விற்கும் பொருளின் மேலெழுத்தும் பயன்படுத்தும் முறையும் பிரெஞ்சு மொழியில் இருத்தல் வேண்டும் என்கின்றது. அம்மாநில மக்கள்தொகை 2021ஆம் ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 85 இலக்கம். தமிழ்நாட்டு மக்கள்தொகையோ 2011ஆம் ஆண்டிலேயே 7 கோடியே 21 இலக்கம். எண்பத்தைந்து இலக்கம் பேருக்குத் தலைவணங்கும் வணிகம், ஏழு கோடிப் பேரை மதியாதிருப்பதன் கரணியம் யாது? அவர்கள் கேட்டார்கள், நாம் கேட்கவில்லை. அவ்வளவே.

பிறரைச் சாடியது போதும். இனி நம்மைப் பார்ப்போம். தமிழ்க் காப்பு மாநாட்டில் கைதட்டிவிட்டு வெளிவரும் நண்பர்தம் கைப்பேசியைத் திறந்தால், உள்ளே எல்லாம் ஆங்கிலம். மாணவர்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி விடுக்கின்றனர். அவ்வெழுத்தில் வலியும் வளியும் வழியும் ஒன்றாய்க் குழம்புகின்றன; மனமும் மணமும் வேறுபாடிழக்கின்றன. எழுத்தை இழந்த மொழி ஒலியையும் இழக்கும்.

தமிழ்த் தட்டச்சுக் கடினமாம்! 247 எழுத்தையும் ஒரு சிறு பலகையில் அடக்க வழியறியாது உலகம் நின்ற காலத்தில், யாழ்ப்பாணத்திற் பிறந்து சிங்கப்பூரில் வாழ்ந்த இரா. முத்தையா, நகரா விசைகளைக் கொண்டு அடக்கிக் காட்டினார். 1999ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அமைந்த 'தமிழ் 99' விசைப்பலகையில், உயிர் 12, மெய்வரிசை 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளில் தமிழ் முழுதும் அடங்கிவிடும். 'அம்மா' என்றெழுத அ, ம, ம, ஆ என்று நான்கே தட்டு. இடையிலுள்ள புள்ளியைப் பொறியே இட்டுக்கொள்ளும். மெல்லினத்தை அடுத்து அதன் இனவெழுத்து வரினும் அவ்வாறே. தொல்காப்பியர் வகுத்த உயிரும் மெய்யும் விரல்நுனியில் புணர்ந்து உயிர்மெய்யாவதைக் காணும் இன்பம், ஒரு கிழமை பழகினார்க்கே தெரியும்.

ஆகவே தமிழீர், செய்ய வேண்டுவன மூன்று. இன்றிரவே உங்கள் கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றுங்கள்; இரண்டு நாள் தடுமாறினாலும் மீளாதீர்கள். வீட்டிலுள்ள பொறி ஒவ்வொன்றிலும் உங்கள் அன்னையார் வழங்கும் சொல்லை எழுதி ஒட்டுங்கள். அதனை உருவாக்கிய நிறுவனத்திற்கு 'எங்கள் மொழி எங்கே?' என்று மடல் விடுங்கள். மூன்றாவதாக, தமிழ்நாட்டரசை நெருக்குங்கள். மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் அரசு வாங்கும் ஒவ்வொரு பொறியிலும் தமிழ் எழுத்தும் தமிழ் விளக்கமும் இருந்தாக வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியிலேயே எழுதச் சொல்லுங்கள். வாங்குபவன் தன் தேவையைச் சொல்வதற்குத் தில்லியின் சட்டத்திருத்தம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

என் அன்னையாரின் பொறியில் ஒட்டிய தாள்கள் நீர்பட்டு நைந்துபோகின்றன. திங்கள்தோறும் புதிதாக எழுதி ஒட்டுகின்றேன். எழுத்து அப்பொறியின் உடலிலேயே பொறிக்கப்பெற்று வரும் நாள்வரை ஒட்டிக்கொண்டேயிருப்பேன். நீங்களும் ஒட்டுங்கள்.