கூடமும் கோணலாக இருக்கலாம்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." எங்கள் வீட்டில் இப்பழமொழி ஒலிக்காத நாள் மிகக் குறைவு. கணக்கில் மதிப்பெண் குறைந்தாலும், கோலம் கோணினாலும், தோசை கல்லில் ஒட்டிக்கொண்டாலும் பாட்டி இதைத்தான் கூறுவார். முன்னோர் மொழியைப் பழிப்பது என் நோக்கமன்று. ஆனால் என் மனத்தில் நெடுநாளாக ஒரு கேள்வி உண்டு. அந்தக் கூடத்தை யாராவது போய்ப் பார்த்தார்களா? மெய்யாகவே அது கோணலாக இருந்திருந்தால், பாவம், அந்தப் பெண் என்ன செய்வாள்?

நான் எழுத வந்தது எலெக்ட்ரிக் கித்தாரைப் பற்றி. மலர்க் குழுவில் இத்தலைப்பைக் கூறியதும் தோழியர் சிரித்தனர். "மரம் வளர்ப்போம் என்று எழுதேன்" என்றாள் ஒருத்தி. மரம் வளர்ப்பது நல்லதுதான். அதைப் பற்றி எழுத இம்மலரில் ஐவர் இருக்கிறார்கள்.

என் தாய்மாமன் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டபோது தம் எலெக்ட்ரிக் கித்தாரை என்னிடம் கொடுத்துச் சென்றார். ஞாயிறு பூசையில் பாடற்குழுவோடு வாசிக்க வேண்டும் என்பது என் ஆசை. ஒரு வகுப்பில் சேர்ந்தேன். என்னோடு சேர்ந்த பெண்கள் எழுவர். முதல் மாதத்திலேயே விரல் நுனி கன்றிப்போயிற்று. ஒரே விரலால் ஆறு கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் எஃப் என்ற சுரக்கூட்டு வந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. எவ்வளவு அழுத்தினாலும் 'டொக், டொக்' என்றுதான் கேட்டது. ஆசிரியர் பொறுமையானவர்தாம். ஆனால் ஒரு நாள், "பெண் பிள்ளைகள் விரலுக்கு இது ஒத்து வராதும்மா, கீபோர்டு கற்றுக்கொள்ளேன்" என்று கூறிவிட்டார். அம்மாவும், "ஆண்டவர் உனக்குக் குரலைக் கொடுத்திருக்கிறார், அது போதாதா?" என்றார். கித்தார் கட்டிலுக்கு அடியில் போயிற்று. மூன்று மாதம் அங்கேயே கிடந்தது. எழுவரில் ஐவர் என்னைப் போலவே நின்றுவிட்டனர்.

வாடிப்பட்டிக்கு அப்பால் உள்ள அப்பாவின் ஊரில் மாதா கோயில் திருவிழா. சப்பர பவனி முடிந்ததும் இன்னிசைக் கச்சேரி. பாடகர் குழுவுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. குழுவில் கித்தார் வாசித்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். அவர் கை கழுவப் போன நேரத்தில் அவருடைய கித்தாரைத் தொட்டுப் பார்த்தேன். திருட்டுத்தனந்தான், ஒப்புக்கொள்கிறேன். பழைய கித்தார், வண்ணம் உரிந்திருந்தது. ஆனால் விரலை வைத்ததும் திகைத்துப் போனேன். கம்பி வெண்ணெய் போல் இறங்கியது. எஃப் முதல் முறையிலேயே ஒலித்தது! பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். திட்டவில்லை. என் கதையைக் கேட்டுவிட்டு, "ஒங்க வீட்டுக் கித்தாரத் தூக்கிட்டு வா தாயி, பாப்போம்" என்றார்.

அடுத்த ஞாயிறு அப்பா என்னை ஸ்கூட்டரில் செல்லூருக்கு அழைத்துச் சென்றார். பெரியவர் கித்தாரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, துப்பாக்கி குறி பார்ப்பவர் போல அதன் கழுத்தை நோக்கினார். பிறகு ஒரு சிறு இரும்பு ஸ்கேலைப் பன்னிரண்டாம் மெட்டின்மேல் நிறுத்தினார். (வீணையில் மெட்டு என்கிறோமே, அதைத்தான் கித்தாரில் ஃப்ரெட் என்பர்.) பன்னிரண்டாவது என்பது கம்பியின் சரி பாதி. அங்கே கம்பிக்கும் மெட்டுக்கும் இடையே ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் இருந்தது. எலெக்ட்ரிக் கித்தாரில் 2 மில்லிமீட்டரும் அதற்குச் சற்றுக் குறைவும் போதுமாம்.

"ஒன் வெரல்ல ஒரு கொறையும் இல்ல தாயி. இது கித்தாரா, கெணத்துக் கவுறா?" என்றார்.

அவர் செய்த வேலையை நான் அருகிலிருந்து பார்த்தேன். கித்தாரின் கழுத்துக்குள் நீளமாக ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. மேலிருக்கும் ஆறு கம்பிகளின் இழுப்பால் கழுத்து வில்லாக வளையாமல் காப்பது அதுதான். ஆலன் கீயால் அதைக் கால் சுற்று முறுக்கினார். அடிப்பக்கத்துப் பாலத்தின் சிறு திருகுகளைத் தளர்த்திக் கம்பிகளை இறக்கினார். தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டில் உள்ள பள்ளங்களை ஊசி போன்ற அரத்தால் ஆழப்படுத்தினார். எஃப் எனக்கு வராததற்கு முக்கியக் காரணம் அந்தத் துண்டுதான். மெட்டுகளின் ஓரங்கள் வெளியே நீட்டி உள்ளங்கையைக் கீறிக்கொண்டிருந்தன. நம் மதுரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும், உலோகம் அப்படியே நிற்கும். அவற்றையும் தேய்த்துவிட்டார். கடைசியாகப் பழைய தடித்த கம்பிகளைக் கழற்றி மெல்லியவற்றைப் பூட்டினார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். பழைய முதல் கம்பியின் விட்டம் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 11 பங்கு. புதியது 9 பங்கு. அதே நீளம், அதே சுருதி என்றால் இழுவிசை விட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 81ஐ 121ஆல் வகுத்தால் 0.67. அதாவது மூன்றில் ஒரு பங்கு சுமை என் விரலிலிருந்து இறங்கிவிட்டது! இயற்பியல் எதற்கு உதவும் என்று இனி நான் கேட்கமாட்டேன்.

கம்பிகளை இவ்வளவு மெலிதாகவும் தாழ்வாகவும் வைக்க எலெக்ட்ரிக் கித்தாருக்கு இடமுண்டு என்பதைத்தான் பலரும் அறிவதில்லை. சாதாரண மரக் கித்தாரில் கம்பியின் அதிர்வு மேற்பலகையையே அசைக்க வேண்டும். அதற்கு வலிய கம்பி தேவை. எலெக்ட்ரிக் கித்தாரில் அந்தக் கவலை இல்லை. எஃகுக் கம்பி அதிர்கிறது. அடியில் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. அதிர்வுக்கேற்பச் சுருளில் மின்சாரம் தோன்றுகிறது, மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டு கண்ட அதே உண்மைதான். சத்தம் போடும் பொறுப்பு ஆம்ப்ளிஃபயருடையது. ஆகவே நம் விரல் மென்மையாகத் தொட்டாலே போதும். முரட்டு ஆண்களின் வாத்தியம் என்று பெயர் வாங்கிய இதுவே கித்தார்க் குடும்பத்தில் விரலுக்கு மிக இரக்கமுள்ளது என்பது என் துணிபு.

அதற்காக மென்மை ஒன்றே இன்பம் என்று கூறமாட்டேன். ஒரு வாரம் ஆசையால் நானே திருகைத் திருகிக் கம்பிகளை இன்னும் இறக்கினேன். கம்பி மெட்டில் உரசி, அடைபட்ட ஈப்போல 'ங்ங்ங்' என்று ஒலித்தது. மறுபடி ஏற்றினேன். நல்ல கித்தாரில் கம்பி கொஞ்சம் எதிர்த்து நிற்க வேண்டும். கமகத்துக்காக வீணைக் கம்பியை மெட்டின்மேல் பக்கவாட்டில் இழுப்பது போல இதிலும் இழுக்கிறோம். அப்போது அது விட்டும் கொடுக்க வேண்டும், பிடித்தும் நிற்க வேண்டும். கழுத்து உள்ளங்கையை நிறைக்க வேண்டும், திணறடிக்கக் கூடாது. தோளில் மாட்டினால் தலைப்பக்கம் கனத்துச் சாயக் கூடாது. இவையெல்லாம் சரியாக அமைந்தால், வாசிக்கும்போது உடல் மரத்தின் அதிர்வு விலா எலும்பில் மெல்லத் தட்டும். அந்த இன்பத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை.

விலை உயர்ந்த கித்தார் வாங்கினால் இத்தொல்லை இல்லையே எனப் பெற்றோர் சிலர் எண்ணலாம். விலையுயர்ந்த துணியை அளவெடுக்காமல் தைத்தால் சீருடை பொருந்துமா? அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர் ரேடியோ பழுது பார்ப்பவர். அவருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது. ஆனால் வாசிப்பவர்கள் கூறுவதைக் காது கொடுத்துக் கேட்டார். அவருடைய முந்தைய கித்தாரின் விளிம்பு விலாவில் குத்துகிறது என்று கலைஞர்கள் குறைகூற, 1954ஆம் ஆண்டு வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் வயிறும் முன்கையும் படும் இடங்களைச் சரித்துச் செதுக்கினார். "உங்கள் விலாவில்தான் கோளாறு" என்று அவர் கூறவில்லை!

நம் நாட்டிலும் சான்று உண்டு. மாண்டலின் ஸ்ரீனிவாஸ் அவர்கள் மேலைநாட்டு மாண்டலினின் நான்கு இரட்டைக் கம்பிகளை நீக்கி, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் கர்நாடக இசையை வாசித்தார். இராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா அவர்கள் எலெக்ட்ரிக் கித்தாரிலேயே கர்நாடகக் கச்சேரி செய்கிறார். கருவி நமக்காக வளைய வேண்டும் என்பதில் அவமானம் ஏது?

பெண்களுக்கு இது ஒத்து வராது என்பாருக்கு ஒரு செய்தி. 1964ஆம் ஆண்டு இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரில், பயணிகளுக்கு மூடப்பட்டிருந்த ஒரு பழைய ரயில் நிலைய மேடையில், மழைக் குளிரில் ஓர் அம்மையார் குதிகால் உயர்ந்த காலணியும் மேல்கோட்டும் அணிந்து வெள்ளை எலெக்ட்ரிக் கித்தாரை வாசித்தார். அது தொலைக்காட்சியிலும் ஒளிபரப்பாயிற்று. அப்போது அவருக்கு வயது 49. பெயர் சிஸ்டர் ரொசெட்டா தார்ப். சிஸ்டர் என்றதும் கன்னியர் மடத்தவர் என்று எண்ணிவிட வேண்டாம். ஆயினும் அவர் வாசித்தவை பெரும்பாலும் ஆண்டவரைப் போற்றும் பாடல்களே. பின்னால் புகழ்பெற்ற ஆண் கித்தார்க் கலைஞர் பலர் அவரிடமிருந்து கற்றதாகக் கூறுவர். 'கோவிலில் எலெக்ட்ரிக் கித்தாரா?' என்று முகம் சுளிக்கும் பெரியோருக்கு இதற்கு மேல் நான் என்ன கூற? 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய ஏட்டில் குழாய் ஆர்கனுக்கு உயர்ந்த இடம் தந்து, தகுந்த பிற கருவிகளுக்கும் அனுமதி உண்டு என்றே கூறியது. தகுதி வாசிப்பவளின் அடக்கத்தில் இருக்கிறது. சத்தத்தைக் குறைக்க ஆம்ப்ளிஃபயரில் குமிழ் இருக்கிறது.

ஓர் உண்மையையும் மறைக்காமல் கூறிவிடுகிறேன். கித்தார் சரியான பிறகும் சில வாரம் நான் பயிற்சி செய்யவில்லை. கேட்டால், "கம்பி சரியில்லை" என்பேன். அம்மா ஒரு நாள் ஸ்கேலைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். பாட்டி பழமொழியைத் தொடங்கும் முன் நான் கித்தாரை எடுத்துக்கொண்டேன். இப்போது விரல் நுனி காய்த்துவிட்டது. வலிப்பதில்லை.

நம் இசையறையில் பழைய மாணவி ஒருவர் அன்பளித்த எலெக்ட்ரிக் கித்தார் ஒன்று இருக்கிறது. சேர்பவர்கள் சில வாரத்தில் நின்றுவிடுகிறார்கள். 'இக்காலப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை' என்பது வழக்கமான தீர்ப்பு. சென்ற வெள்ளிக்கிழமை மதிய இடைவேளையில் சிஸ்டரிடம் அனுமதி பெற்று, ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலோடு உள்ளே போனேன். ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி விரலை வாயில் வைத்தபடி அதன் அருகில் நின்றுகொண்டிருந்தாள். பன்னிரண்டாம் மெட்டில் அளந்தேன். நாலரை மில்லிமீட்டர். அவளிடமே ஸ்கேலைக் கொடுத்து இன்னொரு முறை அளக்கச் சொன்னேன்.