கியரைக் கழற்றி எறியாதீங்க!



நம்ம சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கிற கியர் சைக்கிள்களை ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அதுல எத்தனையில கியர் மாறுதுன்னு ஓட்டுறவங்களையே கேளுங்க. "அது போய் ரொம்ப நாளாச்சு" என்பதுதான் பாதிப் பேர் சொல்ற பதில். சிலர் கியர் லிவரையே கழற்றிப் போட்டுட்டாங்க. என் கருத்து இதுதான்: அந்த லிவர்களில் பல கெட்டுப் போனவை அல்ல. உள்ளே கிரீஸ் காய்ந்து ஒட்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். அதை வீட்டிலேயே சரி பண்ணலாம். பண்ணிப் பார்க்காமலே தூக்கி எறியக் கூடாது.

"மதுரையில மலையா இருக்கு? சமவெளிதானே, கியர் எதுக்கு?" என்று கேட்பீங்க. ஆடி மாசம் சாயங்காலம் செக்கானூரணி பக்கம் சைக்கிள் மிதிச்சவங்களைக் கேளுங்க! அம்மியே பறக்கிற அந்த மேல்காற்று நேரா மூஞ்சியில அடிக்கும். முதுகில் புத்தகப் பை, பின்னால் கேரியரில் தம்பியோ தங்கச்சியோ. அந்த நேரத்துக்குத்தான் கியர்.

இன்னொரு விஷயமும் இருக்கு. லிவர் பிடிக்காமல் போனால் ஒயர் தளர்ந்துவிடும். உடனே பின்சக்கரத்தில் உள்ள ஸ்பிரிங் செயினை இழுத்து, பெரும்பாலான சைக்கிள்களில் சின்னப் பல்சக்கரத்தில் போட்டுவிடும். மிதிக்க ரொம்பக் கஷ்டமான கியர் அதுதான். அதாவது லிவர் போன கியர் சைக்கிள், கியரே இல்லாத சாதா சைக்கிளை விடக் கஷ்டம். ஐந்து கிலோமீட்டர் அப்படி மிதிச்சா முட்டி வலிக்கத்தான் செய்யும்.

அப்புறம் என்ன நடக்குது? சைக்கிள் மாடிப்படிக்கு அடியில் போயிடுது. பஸ்ஸை விட்டால் முதல் பீரியட் போச்சு. அண்ணன்மார் சிலர் அப்பாவோட பைக்கை எடுத்துட்டு வர்றாங்க. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயசு வராத பிள்ளை வண்டி ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருஷம் வரை சிறையும் உண்டு. ஒரு சொட்டு எண்ணெயில் முடிய வேண்டிய காரியம் எங்கே போய் நிற்குது பாருங்க.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் வர சைக்கிள் எவ்வளவு முக்கியம் என்பது நம் அரசாங்கத்துக்குத் தெரியும். 2001-2002-இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, 2005-2006-இல் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர் எல்லாருக்கும் விரிவாக்கினாங்க. ஆனால் பதினொன்றாம் வகுப்புக்கு முன்னால் இருக்கிற நமக்கு? அண்ணன் ஓட்டினது, சித்தப்பா பையன் ஓட்டினது, பழசா வாங்கினது, இவைதான். பழைய கியர் சைக்கிள்கள் நம்மகிட்ட வந்து சேருவது இப்படித்தான்.

சரி, லிவருக்குள் என்னதான் இருக்கு? சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் தேர் வரும்போது சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுவாங்களே, அதேதான்! லிவருக்குள் ஒரு குட்டிப் பல்சக்கரம். அதன் பல்லில் போய் விழுகிற ஒரு சின்ன முட்டுக்கட்டை. அதைத் தள்ளிவிட ஒரு ஸ்பிரிங். 'டிக்' என்ற சத்தம், முட்டுக்கட்டை பல்லில் விழுகிற சத்தம். ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 1984-இல் 'எஸ்.ஐ.எஸ்.' முறையைக் கொண்டு வந்த பிறகுதான் இந்த 'டிக் டிக்' கியர் உலகம் முழுக்கப் பரவியது. அதற்கு முந்தைய லிவர்கள் பெரும்பாலும் வெறும் உராய்வில் நிற்பவை. அவை வழுக்கினால் நடுவில் உள்ள திருகைக் கொஞ்சம் இறுக்கினாலே போதும்.

நம்ம ஊர் வெயிலிலும் புழுதியிலும் சில வருஷம் நின்றால் உள்ளே இருக்கும் கிரீஸ் பிசின் மாதிரி ஆயிடும். முட்டுக்கட்டை ஒட்டிக்கும், பல்லில் விழாது. லிவர் 'லொட லொட'ன்னு சும்மா ஆடும். இதைப் பார்த்துத்தான் "செத்துப் போச்சு"ன்னு முடிவு கட்டுறோம்.

எங்க வீட்டுக்கு வந்த பழைய சைக்கிளும் இப்படித்தான் ஆடிச்சு. ஒரு கடையில் "செட்டோட மாத்தணும்"னாங்க. மாத்தவில்லை. மூன்று நாள் சாயங்காலம் பொறுமையா எண்ணெய் விட்டு ஆட்டினதில் ஏழு கியரும் விழுது!

செய்முறை இதோ:

1. முதலில் கோளாறு எங்கேன்னு பாருங்க. ஃபிரேமில் வெளியே தெரியும் கியர் ஒயரைக் கையால் வெளிப்பக்கம் இழுங்க. பின்னால் செயினைத் தள்ளுகிற பாகம் அசைந்து, விட்டதும் திரும்பி வந்தால் ஒயர் நல்லா இருக்கு, கோளாறு லிவரில். அசையாவிட்டால் ஒயர் துருப்பிடித்திருக்கும். அப்போ ஒயரை மட்டும் மாத்தினால் போதும்.

2. லிவரின் வெளி மூடியில் திருகு இருந்தால் அதை மட்டும் கழற்றுங்க. அதற்குள்ளே கை வைக்காதீங்க. சுருள் ஸ்பிரிங் துள்ளி ஓடினால் திரும்ப மாட்டுவது கஷ்டம்.

3. கீழே பழைய துணியைக் கட்டி, துரு நீக்கும் ஸ்பிரே அடிங்க. டபிள்யூ.டி.-40 போல எதுவானாலும் சரி. டயரிலும் பிரேக் கட்டையிலும் படக் கூடாது. அடுப்பு, விளக்குப் பக்கம் வேண்டாம். வெட்டவெளியில், பெரியவங்க பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்க.

4. இரண்டு லிவரையும் மாத்தி மாத்தி ஐம்பது தடவையாவது அழுத்துங்க. கருப்பு அழுக்கு வடியும். துடைச்சுட்டு மறுபடி அடிங்க. ஒரே நாளில் பிடிக்காவிட்டால் ராத்திரி ஊறவிட்டு மறுநாள் பாருங்க.

5. 'டிக்' கேட்டதும், ஈரம் காய்ந்த பிறகு தையல் மெஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடுங்க. ஸ்பிரே அழுக்கைக் கரைக்கத்தான், உள்ளே தங்கி வழவழப்பைக் கொடுப்பது எண்ணெய்தான்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்! அது ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டில் கட்டியா நிற்குமே, லிவருக்குள்ளும் அப்படித்தான் நிற்கும். கடலை எண்ணெய், நல்லெண்ணெய் விட்டால் நாளாக நாளாகப் பிசுபிசுக்கும். கைப்பிடியையே திருகுகிற மாடல் என்றால் உள்ளே பிளாஸ்டிக். பெட்ரோல், மண்ணெண்ணெய் பட்டால் வீணாகலாம். துணியால் துடைத்தாலே பாதி சரியாகும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லணும். கியர் ஒயரின் அவுட்டரும் பிரேக் அவுட்டரும் ஒரே மாதிரி தெரியும். ஆனால் உள்ளே வேற. டிக் டிக் கியருக்கான அவுட்டரில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், பிரேக் அவுட்டரில் சுருளாக இருக்கும். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போட்டால் வேகமாகப் பிடிக்கும்போது பிய்த்துக்கொள்ளும். உயிர் விஷயம்!

"எல்லாரும் வீட்டில் பார்த்துக்கிட்டா சைக்கிள் கடை அண்ணன் எப்படிப் பிழைப்பார்?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்விதான். ஒரு லிவரை மூன்று நாள் ஆட்டிக்கிட்டு உட்கார அவருக்கு நேரம் ஏது? அதற்குக் கூலி கேட்டால் நாம்தான் கொடுப்போமா? அதனால்தான் புதுசு மாட்டச் சொல்றார். பொறுமை வேண்டிய வேலையை நாம செய்வோம். ரிம் கோட்டம் எடுப்பது, பால்ரஸ் மாத்துவது மாதிரி கைத்திறமை வேண்டிய வேலைக்கு அவரிடம் போவோம். மூலையில் கிடக்கிற சைக்கிளால் அவருக்கும் வருமானம் இல்லை. ஓடுகிற சைக்கிள்தான் பஞ்சருக்காவது கடைக்குப் போகும்.

தலைமை ஆசிரியர் அவர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர் அவர்களுக்கும் ஒரு பணிவான வேண்டுகோள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியடில் அரை மணி நேரம் எங்களுக்குக் கொடுங்க. ஒரு டப்பா தையல் எண்ணெய், ஒரு ஸ்பிரே, நாலைந்து எல்லன் கீ, பழைய டூத் பிரஷ், கிழிந்த துணி போதும். பத்தாம் வகுப்பு ஆறாம் வகுப்புக்குச் சொல்லிக் கொடுக்கும். பல்சக்கரமும் உராய்வும் இயற்பியல் புத்தகத்தில் இருப்பதைக் கையாலும் தொட்டுப் பார்ப்போம்.

நண்பர்களே, லிவரைக் கழற்றும் முன்னால் மூன்று சாயங்காலம் அதற்குக் கொடுங்க. அப்புறமும் 'டிக்' கேட்கலைன்னா, தாராளமா புதுசு வாங்குங்க.

– பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி